இடப்பக்கத்து நாற்காலி

எங்கள் குழுவுக்கு மூன்று வருடமாக வேலையே கிடையாது. மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை, உப்பளங்களைத் தாண்டி ஊருக்கு வெளியே இருக்கும் மனநல மருத்துவமனையின் மாடியறையில் கூடுவோம். உளுந்த வடையும் டீயும் வரும். "இம்மாதம் கட்டாய அனுமதி எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவோம். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்த்தால் அது சரிதானா என்று விசாரிக்க அரசாங்கம் வைத்த குழு நாங்கள். யாரையுமே விருப்பத்துக்கு மாறாகச் சேர்ப்பதில்லை என்றால் எதை விசாரிப்பது? வடையைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் நலச்சாட்சி வந்த பிறகு. அது வந்து ஏழு வருடமாகிறது. மனநோய் ஒருமுறை வந்து குணமானவர்கள், தெளிவாக இருக்கும் ஒரு நாளில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஆறு மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அது அவர்களை அப்படியே படித்துக்கொள்ளும். பின்னால் நோய் திரும்பி, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று அவர்கள் முரண்டு பிடித்தால், டாக்டர்கள் திரையைப் போட்டு அந்தச் சாட்சியைக் கேட்பார்கள். அதே முகம், அதே குரல், தெளிந்த புத்தி. அது "சரி" என்றால் அவர்களே "சரி" என்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். போலீஸ் வேண்டாம், கயிறு வேண்டாம், தெருவில் வேடிக்கை பார்க்கும் கூட்டமும் வேண்டாம்.

என் பெயர் பியூலா. முப்பத்தொரு வருடம் செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு, நோயாளிகளின் குடும்பத்தார் சார்பில் இந்தக் குழுவில் உட்கார வைத்தார்கள். அதற்கான தகுதி என் வீட்டுக்காரர் தனசிங். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அவருக்குத் தலை கொதிக்கும். தூக்கம் போகும். வீட்டுச் சுவரெல்லாம் கப்பல் வரைவார், பிறகு அந்தக் கப்பலில் ஏறிப்போக மூட்டை கட்டுவார்.

சாட்சி வருவதற்கு முந்தைய காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து ஜனங்கள் வரும் நேரத்தில், இரண்டு கான்ஸ்டபிள்களும் என் தம்பியும் நானுமாக அவரைப் பிடித்து வேனில் ஏற்றினோம். என் சேலையைக் கிழித்துத்தான் கையைக் கட்டினோம். வேன் கதவை மூடும்போது, "பியூலா, நான் வரலன்னுதான சொன்னேன்?" என்று சாதாரணக் குரலில் கேட்டார். கத்தியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்தக் குரலிலிருந்து என்னை மீட்டது சாட்சிதான். அது வந்த பிறகு மூன்று தடவை அவரைச் சேர்த்திருக்கிறேன். மூன்று தடவையும் திரையில் அவரே "சரி, போவோம்" என்றார். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கினேன். அதைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று ஜெபம்கூடச் செய்திருக்கிறேன். அதனால் பகவதி என்கிற நோயாளியின் மனு வந்தபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

மாத்திரை உறை ஒன்றைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் எழுதியிருந்தாள். "என் சாட்சி பொய் சொல்லுது. என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிட்டோம். குழுத் தலைவர் சங்கரலிங்கம் ஐயா ஓய்வு பெற்ற நீதிபதி. அவருக்கு இந்தப் பக்கம் டாக்டர் மங்கையர்க்கரசி, அந்தப் பக்கம் நான். பகவதிக்கு முப்பத்தெட்டு வயது, உப்பளத்து எடைமேடையில் லாரிகளுக்கு எடை போடுகிற வேலை, அண்ணன் வீட்டில் ஜாகை. வார்டின் பச்சைச் சேலையில், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றாள். அண்ணன் வேல்ராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே பின்னால் வந்தார். ஐஸ் ஃபேக்டரியில் மெக்கானிக்.

"உக்காரும்மா. இப்ப எப்படி இருக்கு?" என்றார் தலைவர்.

"இப்ப பரவால்ல ஐயா. கொண்டாரும்போது சரியில்லதான். நாலு நாளா தூக்கம் இல்ல. வந்த லாரிக்காரன்கிட்ட எல்லாம் எடை தப்புன்னு சண்டை. எனக்கே தெரியும்."

"பின்ன என்ன குறை?"

"வேண்டாம்னு சொன்னேம்லா? சுகமில்லாததும் நெசம், வேண்டாம்னு சொன்னதும் நெசம். மாத்திரை போடுதேன், ஊசி போடுங்க, நர்சம்மா தெனம் வந்து பாக்கட்டும், வீட்டுலயே கெடக்கேன்னேன். அந்த வார்டு மட்டும் வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டேன். திரையைப் போட்டாவ. அதுல நானே சரின்னு சொல்லுதேன். நாப்பது நாளாச்சு. எப்ப விடுவியன்னு கேட்டா, அதையும் அதுகிட்டதான் கேக்காவ. அது இருக்கட்டும்ங்கு. நான் யாருகிட்ட போய்ச் சண்டை போட?"

தலைவர் வேல்ராஜைப் பார்த்தார். அவர் எழுந்து நின்றார்.

"ஐயா, ரெண்டு வருசத்துக்கு முன்னால இவ உப்புத்தண்ணி ஓடையில எறங்கி நின்னா. கழுத்து மட்டும் தண்ணி. நான்தான் தூக்கிட்டு வந்தேன். வீட்டுல எம்பொண்டாட்டியும் நானும் முறை போட்டு முழிச்சிருந்து பாத்தோம். இன்னொரு தடவ எனக்கு தெம்பு இல்ல. எம்மேல கோவம்னா கோவிச்சுக்கிடட்டும். உசுரோட இருந்து கோவிச்சுக்கிடட்டும்."

இதே வார்த்தையை என் தம்பியிடம் நானும் சொல்லியிருக்கிறேன்.

"சாட்சியைக் கூப்பிட்டுடலாம்," என்றார் டாக்டர். பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் ரூபஸ் சுவரில் இருந்த திரையை எழுப்பினார். ரூபஸ் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், முன்பு எக்ஸ்ரே அறையில் இருந்தவர். திரையில் நீலச் சேலையில் இன்னொரு பகவதி வந்தாள். இவளைவிடக் கொஞ்சம் சதைப்பிடிப்பு, நெற்றியில் பொட்டு.

"பகவதி, உனக்கு நோய் திரும்பியிருக்கு. ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கலாமா?" என்று தலைவர் கேட்டார்.

திரையில் இருந்தவள் கண்ணை மட்டும் இடப்பக்கம் திருப்பினாள். ஒரு நொடி. பிறகு எங்களைப் பார்த்து, "சரி, வச்சுப் பாருங்க. எனக்குச் சம்மதம்தான்" என்றாள்.

டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. முப்பத்தொரு வருடம் கூண்டுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாட்சிகளைப் பார்த்தவள் நான். ஞாபகப்படுத்திச் சொல்கிறவன் கூரையைப் பார்ப்பான். நம்ப வேண்டுமே என்று தவிக்கிறவன் நீதிபதியைப் பார்ப்பான். சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த சாட்சி மட்டும், எத்தனை நல்லவனாக இருந்தாலும், பதிலுக்கு முன்னால் ஒரு தடவை தன்னைக் கூட்டிவந்தவர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைப் பார்த்துவிடுவான். வக்கீல்கள் எவ்வளவு மிரட்டி வைத்தாலும் அந்தக் கண் நிற்காது.

"நான் ஒன்னு கேக்கலாமா ஐயா?" என்றேன். கேளுங்கள் என்று கையைக் காட்டினார். திரையைப் பார்த்து, "பகவதி, காப்பி குடிக்கியா, டீ குடிக்கியா?" என்று கேட்டேன்.

டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திரையில் இருந்தவள் இடப்பக்கம் பார்த்தாள். "எதுன்னாலும் சரி," என்றாள்.

"எனக்கு டீ ஆகவே ஆகாது!" என்று அறையில் இருந்த பகவதி கத்தினாள். "டீ குடிச்சா வாந்தி வரும். வேணும்னா இவன்கிட்டயே கேளுங்க."

வேல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, சின்னதுல இருந்தே ஆகாது" என்றார்.

ரூபஸிடம் கேட்டேன். "இது ஏன் அந்தப் பக்கமே பாக்குது?"

"அதுக்கு அந்தப் பழக்கம் உண்டுக்கா. மூஞ்சி அசையறது, குரல் எறங்குறது, தயங்குறது எல்லாத்தையும் சேத்துத்தானே படிச்சுக்கிடுது? கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். சின்னப் பழுது, பதில ஒன்னும் செய்யாதுன்னுட்டாங்க."

"இவளுக்கு மட்டுமா?"

ரூபஸ் கொஞ்சம் யோசித்தார். "இல்லக்கா. நம்ம ஊருல பதிஞ்சது எல்லாத்துக்குமே இருக்கு. எல்லாம் இடப்பக்கம்தான்."

பகவதியின் பதிவுக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னேன். கம்பெனி கொடுத்த கையேட்டில், பதிவு செய்பவர் அறையில் தனியாக இருக்க வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஆனால் நம் மருத்துவமனைப் படிவம் நம் மருத்துவமனைப் படிவம்தானே? உடன் வந்தவர் பெயர், உறவு, கையொப்பம் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் இல்லாமல் நம் ஊரில் ஒரு சீட்டும் கிழிக்க மாட்டார்கள். பல் பிடுங்கத் தனியாகப் போனாலே, "வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டுத்தான் நாற்காலி காட்டுவார்கள். பகவதியின் படிவத்தில் அந்தக் கட்டத்தில் வேல்ராஜ், அண்ணன் என்று இருந்தது.

"அவரு எங்க உக்காந்திருந்தாரு?"

"உள்ளதான். முத பதிவு அன்னைக்கே நர்சு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாங்க. ஆறு மணி நேரம் எப்படி நிக்கிறதுன்னு பாவப்பட்டுப் போட்டது. வலப்பக்கம் சுவிட்ச் போர்டு இருக்கா, அதனால இடப்பக்கம் போட்டாங்க. அப்புறம் அதை யாரும் எடுக்கல."

சட்டம் தெளிந்த புத்தியைக் கேட்டது. நாங்களோ, அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது பகவதி எப்படிப் பேசுவாள் என்பதைப் பதிந்து வைத்திருந்தோம்.

"நான் பக்கத்துல இருந்தது தப்பா?" வேல்ராஜுக்குக் குரல் உடைந்துவிட்டது. "அன்னைக்கு அவளுக்குக் கையெல்லாம் நடுங்கிச்சு. நான்தான் புடிச்சிக்கிட்டு இருந்தேன். நான் ஒரு வார்த்தை பேசலையே?"

"நீ பேச வேண்டாம்ணே," என்றாள் பகவதி. குரலில் கோபம் இல்லை. "உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு அந்த ஓடைதான் ஞாபகம் வருது. நான் எப்படி வேண்டாம்னு சொல்ல?"

டாக்டர் மங்கையர்க்கரசி பேனாவை மேசையில் வைத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இருபது வருடமாக இந்த வார்டில் உயிர்களைப் பிடித்து வைத்திருப்பவர்.

"ஒரு விஷயம் யோசிங்க," என்றார். "மனுஷங்க தனியாவா வாழறாங்க? அண்ணன் பக்கத்துல இருக்கிற பகவதியும் பகவதிதான். தனியா உக்கார வச்சுக் கேட்டாதான் நிஜமான பதில் வரும்னு யார் சொன்னது? அதோட, இதை ஒத்துக்கிட்டா இந்த மாவட்டத்துல ரெண்டாயிரம் சாட்சி செல்லாமப் போகும். இன்னைக்கு ராத்திரி ஒருத்தர் தண்டவாளத்துல போய் நின்னா, நான் யார்கிட்ட கேக்கறது? மறுபடியும் கயிறா?"

கயிறு என்றதும் எனக்கு என் சேலை ஞாபகம் வந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பகவதியை விடலாம்னு நினைக்கேன். டாக்டரம்மா கூடாதுங்காங்க. பியூலாம்மா, இனி உங்க கையிலதான் இருக்கு. சாப்பிட்டுட்டு வந்து சொல்லுங்க."

சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டுப் பதிவறைக்குப் போனேன். ரூபஸ் அப்போதுதான் தயிர் சாதத்தைப் பிரித்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "சாரோடதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து கை கழுவினார்.

தனசிங் திரையில் வந்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய தனசிங், மீசை இன்னும் கறுப்பு. நானே கேட்டேன். "என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோமா?"

கண் இடப்பக்கம் போனது. பகவதிக்கு ஒரு நொடி என்றால் இவருக்கு நாலைந்து நொடி. அங்கேயே நின்றது. பிறகு திரும்பி, "சரி, போவோம்" என்றார், மெதுவாக.

மூன்று தடவை இதைப் பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் அந்தச் "சரி" காதில் விழுந்தது, கண் போன திசை கண்ணில் படவில்லை. ஊரான் வீட்டுச் சாட்சியைப் பிடித்துவிட்டேன், என் வீட்டுச் சாட்சியை விட்டுவிட்டேன்.

"அன்னைக்குப் பதிஞ்சதே இருக்குமா ரூபஸ்? அசல் பதிவு?"

"இருக்கும்." தேடினார். "ஆஸ்பத்திரிக்குச் சம்மதமான்னு கேக்கறது நானூத்திப் பன்னெண்டாவது கேள்வி. அஞ்சு மணி நேரம் கழிச்சு வரும்."

ஓடவிட்டார். நடுவில் தனசிங். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை, மடியில் என்னுடைய பழைய கறுப்புக் குடை. கேள்வி வந்தது: உங்களுக்கு நோய் திரும்பி, நீங்கள் மறுத்தாலும், மருத்துவமனையில் சேர்க்கலாமா? தனசிங் பதில் சொல்ல வாயைத் திறந்தார். உதடு "வே" என்று தொடங்கியதை நான் பார்த்தேன். அப்போது என்னவோ சத்தம் கேட்டு இடப்பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தத்தைக் கூட்டுங்க," என்றேன்.

கூட்டினார். லேசான குறட்டைச் சத்தம். என்னுடையது.

அந்தப் பதிவுக்கு முந்தைய பதினைந்து நாள் நான் சரியாகத் தூங்கியதில்லை. அவருக்கு அப்போதுதான் தெளிந்திருந்தது; பகலில் கோர்ட்டு, மற்ற நேரமெல்லாம் மறுபடி வந்துவிடுமோ என்று காவல். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் வாயைத் திறந்தபடி அசந்து தூங்கிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு என்னை எழுப்பிவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி, "சரி, போவோம்" என்றார். மூன்று தடவை நான் கேட்ட மெதுவான குரல் அதுதான். சம்மதத்தின் அமைதி என்று நினைத்திருந்தேன்.

ரூபஸ் திரையை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

மாடிக்குப் போய், பகவதியை விடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். தினமும் சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வருவது, மாத்திரையை அவர் முன்னால் போடுவது, இரண்டு இரவு தூக்கம் தவறினால் பகவதியே போன் செய்வது என்று அவள் வாயால் சொன்னதையெல்லாம் தலைவர் உத்தரவில் எழுதினார். நாற்காலி போட்டு எடுத்த பதிவுகளை மறுபடி எடுக்க வேண்டும், அறையில் யாரும் கூட இருக்கக் கூடாது என்றும் எழுதினார். டாக்டர் தன் மறுப்பைத் தனியாக எழுதினார். போகும்போது என் தோளைத் தொட்டு, "தப்பா போச்சுன்னா நாம மூணு பேரும்தான் பதில் சொல்லணும்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. அன்று முதல் காலையில் பேப்பரைப் பிரித்தால் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் கை தயங்குகிறது. இதுவரை பகவதி எடைமேடையில்தான் இருக்கிறாள். வேல்ராஜ் தினமும் இரண்டு வேளை அந்த வழியாக வண்டியில் போகிறாராம், நிறுத்துவதில்லையாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தனசிங் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். குணமாக இருக்கும் நாளில் அவரைப்போல் பொறுமைசாலி கிடையாது. எதிரே உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார மனம் வரவில்லை.

"அன்னைக்குப் பதிவுல நான் தூங்கிட்டேனா?"

கையை நிறுத்தாமலே சிரித்தார். "அதைக் கண்டுபிடிக்க ஆறு வருசமா? நல்லா அசந்து தூங்குன. எழுப்ப மனசு வரல."

"அதுக்காகவா சரின்னு சொன்னிய?"

"வேற என்ன சொல்ல? நீ முழிச்சிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். மல்லுக்கட்ட ஆளு வேணும்லா?"

நான் அழுதேன். அவர் கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் என்னையே பார்த்தார். "ஏன் அழுத? தூங்குனது ஒரு தப்பா?" என்றார். வேல்ராஜ் கேட்டதும் இதே கேள்விதான்.

மறு பதிவுக்கு எங்கள் முறை போன செவ்வாய்க்கிழமை வந்தது. காலை ஒன்பது மணிக்கு ரூபஸ் படிவத்தை நீட்டினார். உடன் வந்தவர் என்ற கட்டம் அப்படியேதான் இருந்தது, புதுப் படிவம் இன்னும் அச்சாகி வரவில்லை. அதில் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன். அறைக்குள் ஒரே ஒரு நாற்காலி.

தனசிங் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "பியூலா, நான் வேண்டாம்னு சொல்லிட்டா?"

"சொல்லுங்க."

"அடுத்த தடவ வந்துச்சுன்னா என்ன செய்வ?"

என்ன செய்வேன் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. "அப்ப மல்லுக்கட்டிக்கிடலாம்," என்றேன்.

உள்ளே போனார். ரூபஸ் கதவைச் சாத்தினார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பகல் ஒரு மணி வாக்கில் அந்தப் பக்கம் வந்த நர்ஸ் நின்று, "இன்னும் ரெண்டு மணி நேரமாகும்க்கா. உள்ள கட்டில் இருக்கு, கொஞ்சம் சாஞ்சுக்கிடுங்க" என்றாள்.

"வேண்டாம்," என்றேன். கதவு திறக்கும் வரை கண்ணை மூடவில்லை.